தறியில் மிச்சமான நேரம் யாருக்கு?

நூல் விலையைக் கைப்பேசியில் பார்க்கலாம், நெய்த சேலையைப் படம் பிடித்து ஊர் ஊராக அனுப்பலாம், கூலியை நொடியில் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். இணையக் கருவிகள் நெசவாளிக்கு நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும் என்று அரசும் வங்கிகளும் வணிகத் தளங்களும் பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அதில் உண்மை இருக்கிறது. மிச்சமாவது கடைசியில் யார் கையில் தங்கும் என்பதுதான் பேசப்படாமல் நிற்கிறது. அதற்கு விடை தேட நெசவின் பழைய கதைக்குள் போக வேண்டும். திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் அம்மையார்குப்பம் அந்தத் தேடலுக்குப் பொருத்தமான ஊர். ஒரு பக்கம் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லைக்கு அப்பால் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று தறிச் சத்தம் தொடரும் வட்டாரம் இது. இங்குள்ள தறிகளுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி புதிதாக வருவது இது முதல் முறை அல்ல. ஆலை நூல் வந்தது, பறக்கும் நாடா வந்தது, விசைத்தறி வந்தது. ஒவ்வொரு முறையும் உழைப்பு சுருங்கியது. உழைத்தவர் வீட்டு வருமானம் அதே அளவுக்குப் பெருகவில்லை. நூலும் விலையும் பணம் தரும் நாளும் எவர் பிடியில் இருந்தனவோ, மிச்சமும் அவரிடமே போய்ச் சேர்ந்தது என்பதே என் வாதம்.

கருவியே மாறாமல் வருமானம் மாறிய காலத்திலிருந்து தொடங்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளர்கள் வணிகரிடம் முன்பணம் வாங்கித்தான் நெய்தார்கள். ஆனால் அந்த முன்பணம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. வேறொருவர் கூடுதல் விலை தந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், உள்ளூர் வணிகர் என்று துணிக்குப் போட்டியிடப் பலர் இருந்ததால் அந்த உரிமைக்கு மதிப்பும் இருந்தது. வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி வணிகராக இருந்தவரை இந்த வழக்கத்துக்கு அடங்கி நடந்தது. நாட்டை ஆளத் தொடங்கியதும், தனக்கு நெய்பவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று ஆட்களை வைத்துக் காவல் போட்டது. தறியும் நாடாவும் முன்பிருந்த அதே தறியும் நாடாவும்தான். ஒரு சேலை நெய்ய ஆகும் நேரத்தில் ஒரு நாழிகைகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. பேரம் பேசும் உரிமை போனதும் நெசவாளர் நிலை சரிந்துவிட்டது. கருவியால் மட்டுமே வாழ்வு உயரும் என்று வாதிடுகிறவர்கள் இந்த ஒரு சான்றை எளிதில் தாண்டிப் போக முடியாது.

அடுத்து வந்தது ஆலை நூல். கைராட்டை நாளில் ஒரு தறி ஓயாமல் ஓடப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. அன்றைய இந்திய ராட்டையில் 100 பவுண்டு பருத்தியை நூலாக்க ஏறக்குறைய 50,000 மணி நேர உழைப்பு ஆனதாகவும், 1825 வாக்கில் இங்கிலாந்தின் தானியங்கி நூற்பு எந்திரம் அதை 135 மணியாகச் சுருக்கிவிட்டதாகவும் பொருளாதார வரலாற்றில் ஒரு கணக்கு உண்டு. நம் காலத்துக் கணினிச் செயலிகள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் நேரம் இதன் பக்கத்தில் நிற்காது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஆலைத் துணியும் ஆலை நூலும் உள்நாட்டுக்குச் சுலபமாக வந்தன. சீரான, மலிவான நூல் கிடைத்தது நெசவாளிக்கு நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 50,000 மணி நேரமும் பெரும்பாலும் பெண்களின் வேலை, அவர்கள் கைக்கு வந்த காசு. அந்த வேலை காலப்போக்கில் காணாமல் போனது. சுற்று வட்டாரத்து வீடுகளில் தயாரான நூல், ரொக்கமோ கடனோ வைத்து நூல் கடையில் வாங்க வேண்டிய பொருளாயிற்று. மழை பெய்து, தறியின் நெடுக்கு இழைகளான பாவை விரிக்க முடியாத ஐப்பசி, கார்த்திகையில் தறி நிற்கும். நூல் கடைக் கடன் நிற்காது. கடனை அடைக்க முடியாதவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தப் பாவை விட்டுவிட்டு, முதலாளி கொடுக்கும் பாவைக் கூலிக்கு நெய்பவராக ஆனார்.

பறக்கும் நாடா இந்தக் கூலித் தறிக்குள்தான் வந்து சேர்ந்தது. அது என்ன செய்தது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடித்து, அச்சுப் பலகையை இழுத்துக் குறுக்கு இழையான ஊடையை அடிக்க வேண்டும். அங்குலத்துக்கு 56 ஊடை என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை மீட்டர் சேலைக்கு நாடா பன்னிரண்டாயிரம் முறைக்கு மேல் குறுக்கே போக வேண்டும். சேலையின் அகலம் 48 அங்குலம் என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு தோள்களும் முழு வீச்சுக்கு நீள வேண்டும். லங்காஷயரில் ஜான் கே 1733-இல் செய்த மாற்றம் பார்க்க எளியது. பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவில் தொங்கும் கயிற்றில் ஒரு கைப்பிடி. அதை வெடுக்கென்று இழுத்தால் நாடா தானே ஓடி எதிர்ப் பெட்டிக்குள் விழும். ஒரு கை மிச்சம், தோள்வலி மிச்சம், சாதாரணத் துணியில் ஏறக்குறைய இரட்டிப்பு விளைச்சல். இதைச் சென்னை மாகாணத்தில் பரப்ப இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசு நெசவுக்கூடமே நடத்திப் பார்த்தார். வேளை வைத்து ஒரு கூரையின் கீழ் வேலை செய்வது நெசவாளர்களுக்குப் பிடிக்கவில்லை. கூடம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. நாடா மட்டும் வீடு வீடாகப் பரவியது. நெசவாளர் புதியதை ஏற்காதவர் என்று அன்றைய அதிகாரிகள் எழுதியதைத் தறிகளே பொய்யாக்கின. அவர்கள் மறுத்தது கூடத்தின் கண்காணிப்பை. கருவியைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

இரட்டிப்பாக நெய்தவருக்கு இரட்டிப்பு வருமானம் வந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சிக்கல். வேகமாக ஓடும் தறி அதே வேகத்தில் நூலைத் தின்னும். நூலுக்கு இரட்டிப்பு முதல் வேண்டும். அது நெசவாளியிடம் இல்லை. நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலைத் தாராகச் சுற்றும் வேலையும் இரட்டிப்பாகும். அதை மனைவியும் பிள்ளைகளும் வயதானவர்களும் தனிக் கூலி இல்லாமல் செய்தார்கள். பாவு வேலையில் இந்தக் கருவி எதையும் சுருக்கவில்லை. அங்குலத்துக்கு 64 இழை என்றால் 48 அங்குல அகலத்துக்கு 3,072 இழை. பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது அத்தனை இழையையும் ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை விரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் உலர்த்திச் சுருட்ட வேண்டும். நாடாவில் மிச்சமான நேரம் பாவிலும் தாரிலும் செலவானது. எல்லோர் தறியும் வேகம் பிடித்தபின் ஒரு சேலைக்கான கூலியை முதலாளி பழைய கணக்கில் தர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அன்றாடப் பிழைப்புக்கு எவ்வளவு ஆகுமோ அதை ஒட்டியே சேலைக் கூலி இறங்கி நிற்கும். பொருளியல் அறிஞர் பி.ஜே.தாமஸ் தலைமையில் இந்திய அரசு அமைத்த கைத்தறி, ஆலை உண்மையறியும் குழுவின் 1942-ஆம் ஆண்டு அறிக்கை, தனித்து நெய்த நெசவாளர் குறைந்து முதலாளிக்குக் கட்டுப்பட்டவர் பெருகுவதைப் பதிவு செய்தது. சென்னை மாகாணத்தில் பறக்கும் நாடா நன்றாகப் பரவி முடிந்த பிறகு எழுதப்பட்ட அறிக்கை அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பறக்கும் நாடா வராவிட்டால் கைத்தறியே ஆலைத் துணியின் முன் அழிந்திருக்கும். கூலி உயரவில்லை என்றாலும் தொழில் பிழைத்ததே, அது பெரிய லாபம் இல்லையா என்று கேட்கலாம். சரியான கேள்வி. கருவி வேண்டாம் என்று சொல்ல வரலாற்றில் இடமே இல்லை. கருவியை மறுத்த தறி கூலியையும் இழந்து வாடிக்கையையும் இழந்திருக்கும். துணி வாங்கிய ஏழை வீடுகளுக்கு விலை குறைந்ததும் நன்மையே. அந்த வீடுகளில் நெசவாளர் வீடுகளும் அடக்கம். நான் சொல்வது வேறு. பிழைத்திருக்கக் கருவி போதும். பிழைத்ததில் பங்கு கேட்கக் கருவியோடு இன்னொன்றும் வேண்டும். அந்த இன்னொன்று என்ன என்பதைத் தமிழ்நாட்டு நெசவாளர்கள் 1930-களிலேயே கண்டுகொண்டார்கள். 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று அறியப்படுவது அதுதான். ஊர் அளவிலான தொடக்கச் சங்கம் நூலை மொத்தமாக வாங்கி உறுப்பினர் தறிகளுக்குக் கொடுக்கும், நெய்த துணியை எடுத்துக்கொண்டு கூலி தரும், தலைமைச் சங்கம் கடை வைத்து விற்கும். தறிக்குள் ஒரு மரத்துண்டைக்கூட மாற்றாத ஏற்பாடு இது. ஆனால் நூல், விலை, பணம் தரும் நாள் என்ற மூன்றையும் முதலாளியிடமிருந்து எடுத்துப் பொதுவில் வைத்தது.

சங்கங்கள் எப்படி நடந்தன என்று தெரியாதா, பெயருக்கு இருந்த தறிகள், அரசியல், தேங்கிய சரக்கு, தாமதமான கூலி என்று பலரும் சொல்வார்கள். இந்தக் குறைகளில் எதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. சந்தை இல்லாமல் சங்கம் மட்டும் இருந்தால் கிடங்கு நிறையும், கை நிறையாது. 1952-53 நெருக்கடியில் நடந்தது அதுதான். துணி விற்காமல் தேங்கியது. நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன. 1953-இல் அண்ணாவும் தி.மு.க. தொண்டர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். அதே ஆண்டு மத்திய அரசு ஆலைத் துணிமேல் ஒரு கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கைத்தறிக்குத் திருப்பியது. தள்ளுபடி விற்பனைகளும் சங்க உதவிகளும் அதில் வளர்ந்தன. சங்கம் பழுதான இடங்களில் முதலாளி திரும்பி வந்தார். அது சங்கம் தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. சங்கம் இருந்த இடத்தில் முதலாளியின் கூலிக்கும் ஓர் அடித்தளம் இருந்தது. நெசவாளி சங்கத்துக்குப் போய்விடுவார் என்ற பயம்தான் அந்த அடித்தளம். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை செய்த வேலையை இங்கே சங்கம் செய்தது.

இதற்கிடையே அம்மையார்குப்பத்தின் எல்லையே மாறியது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதி, மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லைப் பிரச்சினையில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஒரே நெசவு வட்டாரம் இரண்டு மாநிலங்களாயிற்று. பக்கத்து ஊருக்குப் போகும் நூல் மூட்டைகூட மாநில எல்லை தாண்டும் சரக்கானது.

விசைத்தறியின் கதையை நீட்ட வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 120 ஊடை வாக்கில் ஓடும் சாதாரண விசைத்தறி, நூல் அறாமல் ஓடினால், அந்தப் பன்னிரண்டாயிரம் ஊடையை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். கரைச் சேலை உட்பட 22 வகைத் துணிகள் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1993-இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பின்னால் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. சட்டம் தறியைத் தடுக்கவில்லை. குழித்தறியை மூடி விசைத்தறி போட்டவர்கள் பலரும் நெசவுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. ஒரு தறியைப் பார்த்த கண் இப்போது பல தறிகளைப் பார்க்கிறது. ஆனால் பாவு இன்னும் முதலாளியுடையது, கூலி இன்னும் பேரத்துக்குரியது. தமிழ்நாடு அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தந்த 750 யூனிட் இலவச மின்சாரத்தை 2023-இல் 1,000 யூனிட்டாகவும், கைத்தறிக்குத் தந்ததை 300 யூனிட்டாகவும் உயர்த்தியது. தேவையான உதவி, வரவேற்க வேண்டிய உதவி. என்றாலும் கூலி பேச உட்காரும்போது, மின்சாரம் இலவசம்தானே என்ற பேச்சு எழ எவ்வளவு நேரமாகும்? பேரத்தில் வலுவில்லாதவருக்குத் தரும் சலுகை எதிர்த் தரப்பின் கணக்கிலும் வரவாகிறது.

இந்தப் பின்னணியோடு கைப்பேசிக்கு வருவோம். 2016-ஐ ஒட்டி வந்த கருவிகளைப் பார்த்தால், முந்தையவற்றிலிருந்து அடிப்படையான ஒரு வேறுபாடு தெரியும். ஆலை நூலும் பறக்கும் நாடாவும் விசைத்தறியும் நூற்பதையும் நெய்வதையும் வேகமாக்கின. இவை அந்த வேலையைத் தொடவில்லை. நூல், விலை, பணம் என்ற மூன்றைத்தான் தொடுகின்றன. தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் இ-தாகா செயலியில் நூலுக்குப் பதிவு செய்து சரக்கு எங்கே வருகிறது என்று பார்க்கலாம். அரசுத் துறைகள் கொள்முதல் செய்யும் ஜெம் தளத்தில் சங்கங்களும் நெசவாளர்களும் விற்பனையாளராகச் சேரலாம். யுபிஐ வழியே கூலி அன்றன்றே வரலாம். வந்ததற்குப் பதிவும் இருக்கும். வாட்ஸ்அப்பில் சேலைப் படம் போன பிறகு, வெளியூர்க் கடையில் அது என்ன விலைக்கு விற்கிறது என்பதை முதலாளி மட்டுமே அறிந்திருந்த காலம் முடிந்துவிட்டது. சரியான இடத்தைத் தொடும் கருவிகள் என்பதாலேயே இவற்றை நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன்.

அப்படியானால் ஒவ்வொரு நெசவாளியும் நேரடியாக விற்கட்டுமே, முதலாளியும் வேண்டாம், சங்கமும் வேண்டாம் என்று ஒரு வாதம் இன்று பரவலாகக் கேட்கிறது. கவர்ச்சியான வாதம், நடைமுறையில் இடறுகிறது. நேரடியாக விற்க முதலில் சேலை தன்னுடையதாக இருக்க வேண்டும்; கூலிக்கு நெய்பவர் விற்கச் சேலை ஏது? சொந்தப் பாவு போட்டாலும், விற்றுப் பணம் வரும்வரை நூலில் முடங்கும் முதலும், திரும்பி வரும் சேலையின் நட்டமும் ஒரே குடும்பத்தின் தலையில் விழும். வரிவிதியும் தனி ஆளுக்கு எளிதல்ல. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வணிகர் இணையத் தளங்கள் வழியே பொருள் விற்க 2023 அக்டோபர் முதல்தான் அனுமதி, அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர் பதிவில்லாமல் கன்னியாகுமரிக்கு விற்கலாம், எல்லைக்கு அப்பால் இருக்கும் நகரிக்கு விற்க முடியாது. 1960-இல் வரைந்த கோடு கைப்பேசித் திரைக்குள்ளும் ஓடுகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுவதாகத் தெரிந்தது. அந்த வருமானத்தில் நூல் முதலும் விற்பனை அபாயமும் சுமக்கச் சொல்வது அறமாகாது.

கருவி இருந்தும் தனி ஆளால் பயன்படுத்த முடியாத நிலைக்கு இன்னும் கூர்மையான சான்று ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழிலிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. உத்யம் பதிவு 2020 முதல் இணையத்தில் இலவசம். பாக்கிக்கு மனுப் போட 2017-இல் சமாதான் என்ற இணையத் தளம் வந்தது. சட்டம், பதிவு, மனு எல்லாம் கைப்பேசியில் சில நிமிட வேலை. ஆனால் ஒரே முதலாளியிடம் பாவு வாங்கி ஓட்டும் ஒருவர் அந்த மனுவைப் போட்டால் அடுத்த பாவு அவர் வீட்டுக்கு வராது. இது தெரிந்த எவரும் பொத்தானை அழுத்தத் தயங்குவார். அதே சட்டம், பணம் பெற உரிமையுள்ளவர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், குறு, சிறு தொழில்கள் செய்த பொருளை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆர்டரைச் சங்கம் தன் பெயரில் பிடித்து, நூலை மொத்தமாக இறக்கி, தறிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, நெய்ததைத் தானே விற்றால், 46-ஆம் நாள் மனுப் போடுவதும் சங்கம்தான். ஜிஎஸ்டி பதிவும் அந்த ஒரே பெயரில் முடிந்துவிடும். நகரிக்கும் சேலை போகும். எந்தத் தறிக்குப் பாவை நிறுத்திப் பழிவாங்குவது என்ற கேள்வி வாங்கியவர் தரப்பில் எழவே இடமிருக்காது, பாவு அவருடையதே அல்ல.